பஃபிளுக்கு வைத்தியம் பாக்கிற தம்பிக்கு

என்ன தம்பி, நெத்தியில லைற், மூக்கில மாஸ்க், கையில தேர்மல் கமரா? சந்திரனுக்கோ வெளிக்கிட்டனீர்? ஓ, அற்றிக்குக்கோ. சரி, போம். போக முன்னம் அந்தக் கதிரையில ஒருக்கா இரும். உந்த அற்றிக் 60 வருசமா உதிலதான் கிடக்கு. இன்னும் அரை மணித்தியாலத்தில எங்கயும் ஓடிப்போகாது.

உம்மட கதை எனக்குத் தெரியும். ஸ்காபரோவில இந்தக் கதை கேக்காத குசினி எது? கூரை பாக்க ஒருத்தன் வந்திருப்பான். ஏணி போட்டு, மூடியைத் தூக்கி, அரை உடம்பை உள்ளுக்கை விட்டு எட்டிப் பாத்திருப்பான். இறங்கி வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அண்ணை, உங்கட பஃபிள் எல்லாம் உடைஞ்சு கிடக்கு" எண்டிருப்பான். ஃபோனில நாலு படம் காட்டியிருப்பான். படத்தில என்ன தெரிஞ்சது? இருட்டும் ஒரு வெள்ளைத் துண்டும். அதோட உமக்கு நித்திரை போச்சு. போன கிழமை மட்டும் அப்பிடியொரு சாமான் வீட்டில இருக்கெண்டே உமக்குத் தெரியாது. இண்டைக்கு அதுக்காக வங்கியில கடன் எடுக்கப் பாக்கிறீர்.

சரி, ஒண்டு கேக்கிறன். பஃபிள் எண்டால் என்ன? ஃபோனைப் பாக்காமல் சொல்லும்.

பாத்தீரோ! நோயின்ர பேர் வாயில நிக்குது. உறுப்பு எங்க இருக்கெண்டு தெரியேல்லை.

இஞ்ச கேளும். ஊரில எங்கட ஓட்டு வீட்டுக்கு இந்தக் கரைச்சல் கிடையாது. ஓட்டு இடுக்கால காத்துத் தானா வரும், தானாப் போகும். ஆரும் அதுக்குக் கணக்குப் பாத்ததில்லை. இந்தக் குளிர் நாட்டில அப்பிடி ஏலாது. சீலிங்குக்கு மேல இன்சுலேசன் எண்டு பஞ்சைப் பரப்பவேணும். அதுக்கு மேல வெறும் இடம். அதுக்கு மேல கூரைப் பலகை, பலகைக்கு மேல சிங்கிள்ஸ். அந்த வெறும் இடத்துக்குள்ள வெளிக்காத்து ஓடவேணும். தாவாரத்தின்ர அடிப்பக்கத்தைத்தான் சொஃபிற் எண்டுறது. அதில ஓட்டை இருக்கும். முகட்டுப் பக்கத்திலயும் ஓட்டை இருக்கும். கீழால வாற காத்துப் பலகையை ஒட்டிக்கொண்டு ஏறி மேலால போகும். இவ்வளவுதான் சங்கதி.

ஒரு இடத்தில மட்டும் சிக்கல். தாவாரப் பக்கம் கூரை பதிஞ்சு பதிஞ்சு வந்து, சுவருக்கு மேல நாலு விரல் இடைவெளிதான் மிஞ்சும். அதில பஞ்சு சரிஞ்சு பலகையில முட்டினால் பாதை அடைபட்டுது. அது முட்டாமல் இருக்க, ரெண்டு கைமரத்துக்கு நடுவில, பலகைக்குக் கீழ, ஒரு தகட்டை ஸ்ரேபிள் அடிச்சு வைப்பாங்கள். நாலடி நீளம். ஊரில ரிஜிஃபோம் எண்டுவமே, அந்தச் சாமான்தான் கூட. பிளாஸ்ரிக்கிலயும் இருக்கு, தடிச்ச மட்டையிலயும் இருக்கு. வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கேக்கை வாய்க்காலுக்கு வரம்பு கட்டுவமே, அந்த வேலைதான் பஃபிளின்ர வேலை. மண் வாய்க்காலுக்குள்ள சரியாமல் வரம்பு பிடிக்கும். வரம்பு தண்ணி குடுக்குமோ? குடுக்காது. வரம்பில ஒரு வெடிப்பு விழுந்தால் உடனை வெங்காயம் வாடுமோ? வாடாது. தண்ணி போகுதோ எண்டு பார், காணும் எண்டு என்ர அப்பு சொல்லுவார்.

நீர் என்ன செய்யிறீர்? தண்ணியை விட்டிட்டு வரம்பைப் படம் பிடிக்கிறீர்.

பஃபிள் உடையாது எண்டு நான் சொல்லேல்லை. வடிவா உடையும். ஃபோம் என்ன இரும்போ? பழைய ஃபோம் விரலால அமத்தினாலே நொறுங்கும். ஆர் உடைக்கிறது எண்டு பாத்தால்தான் சிரிப்பு. பஞ்சுப் பாயை மடிச்சு மூலையில திணிக்கிறவன் முழங்கையால உடைப்பான். குழாயால பஞ்சு ஊதிறவன் குழாயை நேர பஃபிளுக்குப் பிடிச்சு ஸ்ரேபிளோட கழட்டுவான். சிங்கிள்ஸ் அடிக்கிறவன்ர ஆணி பலகையைத் துளைச்சுக்கொண்டு ஃபோமுக்குள்ள வந்து நிக்கும். இதெல்லாம் வீட்டைத் திருத்த வந்த ஆக்களின்ர திருவிளையாடல். மிச்சம் அணிலுக்கும் எலிக்கும். அணில் கடிச்ச ஃபோமைக் கிட்டப் பாத்திருக்கிறீரோ? கரை முழுக்கச் சின்னச் சின்னப் பல்லு வரி இருக்கும். கீழ பஞ்சில வெள்ளைக் குருணி சிந்தியிருக்கும். அந்தக் குருணிக்கு நடுவில கறுப்பாப் புழுக்கையும் கிடந்தால் ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. அது ஃபோமைத் தின்னிறதில்லை. கடிச்சுக் கடிச்சுக் கூடு கட்டுது. எலி வளையானாலும் தனி வளை வேணுமாம், உம்மட மோர்ட்கேஜிலதான் அது கட்டுது. அப்பிடியெண்டால் பஃபிளை மாத்த முன்னம் அது வாற ஓட்டையை அடைக்கவேணும். இல்லாட்டி அணிலுக்கு வருசா வருசம் புதுச் சாமான் வாங்கிக் குடுத்துக்கொண்டிருப்பீர்.

இன்னொரு கூட்டம் இருக்கு. 2021 இல ஒட்டாவா அரசாங்கம் கிறீனர் ஹோம்ஸ் எண்டு ஒரு திட்டம் போட்டு, 5000 டொலர் மட்டும் திருப்பித் தருவம் எண்டது. நல்ல திட்டம்தான். எங்கட ஆக்கள் விடுவாங்களோ? ஊது, இன்னும் ஊது எண்டு பஞ்சை ஊதுவிச்சாங்கள். பழைய பஃபிள், பழைய அளவுப் பஞ்சுக்கு வைச்சது. புதுப் பஞ்சு ஒண்டரை அடிக்கு மேல ஏறினால் பஃபிளின்ர தலைக்கு மேலால வழிஞ்சு உள்ளுக்கை விழும். கனடாக் கட்டட விதியில இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. பஃபிளின்ர தலை பஞ்சுக்கு மேல 50 மில்லிமீற்றராவது எழும்பி நிக்கவேணும். பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவில பஃபிள் விடுற காத்து வழி 25 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. ரெண்டு விரல் உயரம், ஒரு விரல் வழி எண்டு வைச்சுக்கொள்ளும். இதை அளக்கச் செயற்கைக்கோள் வேணுமோ? பள்ளிக்கூடத்து அடிமட்டம் காணும். கன இடத்தில பஃபிள் ஒரு கீறல் கூட இல்லாமல் முழுசா இருக்கும், பஞ்சுக்குள்ள தாண்டு போய். அதை ஆரும் உடைஞ்சது எண்டு சொல்லமாட்டாங்கள். ஆனால் உடைஞ்சதை விட மோசம்.

இப்ப உம்மட கமராவுக்கு வருவம். உது என்ன காட்டும்? சூடு குளிர் காட்டும். அது தெரியவேணும் எண்டால் வீட்டுக்கு உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு 10 பாகையாவது வித்தியாசம் வேணும். இண்டைக்கு மே மாதம். உள்ளுக்கும் 20, வெளியிலயும் 20. நீர் சுத்திச் சுத்திப் பிடிச்சாலும் நாவல் நிறமும் செம்மஞ்சளுமா வடிவான படம் வரும், ஃபேஸ்புக்கில போடலாம். பஞ்சுக்கு அடியில கிடக்கிற ஃபோம் அதில தெரியாது.

மாசி மாதம் நீர் எங்க போனனீர்? அப்ப ஸ்நோ கொட்டிப்போட்டு நிண்ட நேரம், றோட்டுக்கு அங்கால போய் நிண்டு உம்மட கூரையைப் பாத்தனீரோ? அண்டைக்குக் காசில்லாமல் உம்மட அற்றிக்கை எக்ஸ்ரே எடுத்து முழு வீதிக்கும் காட்டி விட்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கூரையில ஸ்நோ அப்பிடியே கிடக்கு, உம்மட கூரையில மட்டும் உருகி நடுவில கறுப்பாத் தெரியுதெண்டால், வீட்டுச் சூடு மேல போகுது எண்டு அர்த்தம். குளிர் காலத்தில நல்ல கூரை குளிர்ந்துதான் கிடக்கவேணும். சொன்னால் நம்பமாட்டீர். மேல உருகின தண்ணி கீழ ஓடித் தாவாரத்துக்கு வரும். தாவாரத்துக்குக் கீழ வீடு இல்லை, சூடும் இல்லை. அதில திரும்ப உறைஞ்சு ஐஸ் வரம்பு கட்டும். பின்னால வாற தண்ணிக்குப் போக இடமில்லை. சிங்கிள்ஸுக்குக் கீழால ஏறிச் சீலிங்கில சொட்டும். இதுக்குக் கூரையில கறண்ட் வயர் இழுத்துச் சூடாக்கின ஆக்களையும் கண்டனான், மனிசியின்ர ஸ்ரொக்கிங்ஸில உப்பைக் கட்டிக் கூரைக்கு எறிஞ்ச ஆக்களையும் கண்டனான். மேல சூடு ஏன் போகுது எண்டு பாத்த ஆள் குறைவு.

சரி, ஏறத்தான் போறன் எண்டால் ஏறும். காலமை வெள்ளன ஏறும். கோடையில மத்தியானம் ஏறினால் அதுக்குள்ள 50 பாகையைத் தாண்டும், உம்மை இறக்க ஃபயர் பிரிகேட் வரவேணும். மாஸ்க் நல்லது, அதைப் பற்றி நான் பகிடி விடேல்லை. மூடியைத் தூக்கின உடனை கால் வைக்காதையும், முதல் கண்ணை வையும். பஞ்சுக்குப் பதிலா, சாம்பலும் பொன்னிறமுமா மினுங்கிற சின்னக் கல்லுக் கல்லாக் கிடக்குதோ? அது வேர்மிக்குலைற். முந்தி மொன்ரானாவில லிபி எண்ட ஊர்ச் சுரங்கத்தில இருந்து கனக்க வந்தது, 1990 இல மூடிப்போட்டாங்கள். அதில அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். கண்டால் மூடியைத் திரும்ப மூடிப்போட்டு இறங்கி வாரும், தும்பால கூட்டித் துப்புரவாக்கிறன் எண்டு வீரம் காட்டவேண்டாம். சோதிச்சுப் பாக்க அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம்.

அது இல்லையெண்டால் ஒரு பலகையைத் தீராந்திக்குக் குறுக்க போட்டு, அதில இரும். ஆழம் தெரியாமல் காலை விடாதை எண்டு சும்மா சொன்னதோ? பஞ்சுக்குக் கீழ என்ன இருக்கு? அரை இஞ்சி ட்றைவோல். அதில நிண்டால் நீர் நேர கீழ, மனிசியின்ர கட்டிலிலதான் இறங்குவீர்.

இருந்திட்டீரோ? இப்ப அந்த நெத்தி லைற்றை நிப்பாட்டும். ஓம், நிப்பாட்டும். இருட்டுக்குப் பயமோ? கண் பழகட்டும். இப்ப தாவாரப் பக்கம் பாரும். ஒவ்வொரு கைமர இடைவெளியிலயும் கீழ ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தெரியவேணும். தெரிஞ்சால் அந்த வழி திறந்திருக்கு. அதில ஃபோம் மூலை உடைஞ்சிருந்தால் என்ன, வெடிச்சிருந்தால் என்ன? விடும். வெளிச்சம் தெரியாத இடைவெளி எத்தினை எண்டு எண்ணும். அதுதான் உம்மட கணக்கு. ரெண்டு மூண்டு தெரியேல்லை எண்டால் பெரிய விசயமில்லை. ஒரு பக்கம் முழுக்க இருட்டெண்டால் யோசிக்கவேணும்.

வெளிச்சம் வருது, காத்து வருதோ எண்டு சந்தேகமோ? ஊதுபத்தி கொளுத்திக் கொண்டு போய்ப் பாக்கலாம் எண்டு ஒரு ஆள் எனக்குச் சொன்னார். நல்ல மூளை. ஃபோம் நெருப்புப் பிடிச்சு உருகிச் சொட்டும், பக்கத்தில காஞ்ச பலகை. சாமி கும்பிடக் கீழ இடமிருக்கு. ரொயிலற் பேப்பரில ஒரு கீலம் கிழிச்சுப் பஃபிள் வாயில பிடியும். ஆடினால் காத்து. உம்மட ஃபோனுக்கும் ஒரு வேலை தாறன், சும்மா ஏசினதா வேண்டாம். கை போகாத மூலைக்குள்ள ஃபோனை நீட்டிப் படம் எடும். அதுக்கு அது திறமான சாமான்.

பிறகு லைற்றைப் போட்டுக் கூரைப் பலகையைப் பாரும். இதிலதான் விசயம் கிடக்கு. ஆணி முனையெல்லாம் கறள் பிடிச்சு, ஆணியைச் சுத்திக் கறுப்பு வட்டம் விழுந்து, நேர கீழ பஞ்சில சொட்டுச் சொட்டாக் குழி இருக்குதோ? குளிர் காலத்தில வீட்டு ஈரம் மேல வந்து அந்த ஆணி முனையில உறைஞ்சு நிண்டிருக்கு. வெய்யில் பட்ட அண்டைக்கு எல்லாம் சேந்து இளகிச் சொட்டியிருக்கு. கல்கரிப் பக்கம் இது கனக்க. கடுங்குளிருக்குப் பின்னால திடீரெண்டு சூட்டுக் காத்து அடிக்கும், அற்றிக்குக்குள்ள மழை பெய்யும். கூரை ஒழுகுது எண்டு சிங்கிள்ஸை மாத்தின புத்திசாலிகள் இருக்கினம். வெளியில ஒரு துளி மழை இல்லாத நாளில கூரை ஒழுகினதெண்டால் அந்தத் தண்ணி எங்கத்தையான்? உம்மட வீட்டுத் தண்ணிதான், தம்பி. நீர் குளிச்சது, அவித்தது, மூச்சு விட்டது.

பலகையில பூஞ்சணக் கறுப்பு எங்க கிடக்கு எண்டு பாரும். தாவாரத்தோரம் ஒண்டிரண்டு இடைவெளியில மட்டுமெண்டால் அந்த இடத்துப் பஃபிளில சந்தேகப்படலாம். வெய்யில் படாத வடக்குப் பக்கம் முழுக்கக் கறுப்பெண்டால், கீழயிருந்து ஈரம் அளவுக்கு மிஞ்சி ஏறுது. ஒரே இடத்தில பெரிய வட்டமாக் கறுப்பெண்டால், அதுக்கு நேர கீழ என்ன இருக்கு? நான் சொல்லட்டோ? பாத்ரூம்.

அந்த பாத்ரூம் ஃபானைப் பற்றி ஒரு புராணமே பாடலாம். சுவிச்சைப் போட்டால் "ம்ம்ம்" எண்டு சத்தம் வரும். எல்லாருக்கும் திருப்தி. அது இழுக்கிற நீராவி எங்க போகுது எண்டு ஆரும் கேக்கிறதில்லை. மேல போய்ப் பஞ்சைக் கிளறிப் பாரும். மெல்லிய வெள்ளிக் குழாய் ஒண்டு பாம்பா வளைஞ்சு கிடக்கும். ஒண்டில் ஃபானில இருந்து கழண்டு பஞ்சுக்குள்ள வாய் பிளந்து கிடக்கும், இல்லாட்டி சொஃபிற் பக்கம் கொண்டு போய்ச் சும்மா வைச்சிருப்பாங்கள். கூரையாலயோ சுவராலயோ வெளியில கொண்டு போய் மூடி போட்டு விடவேண்டிய சாமான் அது. வீட்டில எத்தினை பேர்? அஞ்சு. ஆள் ஒண்டுக்குக் கால் மணித்தியாலச் சுடுதண்ணிக் குளிப்பு. அவ்வளவு ஆவியையும் பலகையில அடிச்சுக்கொண்டு, பஃபிள் உடைஞ்சதாலதான் பூஞ்சணம் எண்டால் பாவம், அந்த ஃபோம் என்ன செய்யும்? அதுக்கு வாய் இருந்தால் அழும். எரியிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். அற்றிக் மூடியின்ர விளிம்பு, சீலிங்கில துளைச்சுப் போட்ட பொட் லைற், கழிவுக் குழாய் ஏறுற ஓட்டை, இதுகளாலயும் வீட்டுச் சூடு களவாய் மேல போகும். அந்த இடங்களில பஞ்சு கறுத்து ஊத்தையாய்க் கிடக்கும், காத்தை வடிச்சு வடிச்சு. கறுத்தது பூஞ்சணம் எண்டு பயப்படாதையும். அது உமக்கு வழி காட்டுற அடையாளம்.

எல்லாத்திலயும் பெரிய பகிடி இனித்தான். ஸ்காபரோவில ஐம்பது அறுபதுகளில கட்டின பங்களோக்கள் கனக்க. அப்ப தாவாரத்துக்குக் கீழ பலகையை மூடி அடிச்சுப் பெயின்ற் பூசி விட்டாங்கள். பின்னால அலுமினியத் தகடு மோஸ்தர் வந்தது. ஓட்டை ஓட்டையா இருக்கும், வடிவு. பழைய பலகையைக் கழட்டினால் கூலி கூட. அதனால அதுக்கு மேலயே தகட்டை அடிச்சுப்போட்டுப் போயிட்டாங்கள். பலகையில ஒரு துளை போடேல்லை. றோட்டில நிண்டு பாத்தால் ஆயிரம் ஓட்டை. உள்ளுக்கை ஒரு மூச்சுக் காத்துப் போகாது. இந்த வீட்டில நீர் தங்கத்தில பஃபிள் வைச்சாலும் என்ன வரும்? நானும் இந்த ஊர்க் கூரைகளில கன காலம் ஏறி இறங்கினவன். எத்தினை வீட்டில புதுப் பஃபிள் வரிசையா அடிச்சிருக்கும், கீழ குருட்டுப் பலகை! காசு வாங்கினவனும் பாக்கேல்லை, குடுத்தவனும் பாக்கேல்லை.

உதைக் கண்டுபிடிக்கப் பழைய சைக்கிள் கம்பி ஒண்டு போதும். தாவாரத்துக்குக் கீழ சின்ன ஏணியில நிண்டு, தகட்டு ஓட்டைக்குள்ள கம்பியை விடும். சறுக்கெண்டு உள்ள போனால் நல்லது. உடனை "டொக்" எண்டு முட்டினால், உம்மட வருத்தம் மேல இல்லை, அதிலதான் நிக்குது. நாலைஞ்சு இடத்தில குத்திப் பாரும். கைமரம் இருக்கிற இடத்திலயும் முட்டும், அதை வைச்சுக் கத்தாதையும்.

இனிக் கொன்றாக்டர் சொல்லுற அந்த 1/300 கணக்கு. சீலிங்கின்ர பரப்பில முந்நூறில ஒரு பங்கு காத்து ஓட்டை வேணுமாம். 1200 சதுர அடிக்கு 4 சதுர அடி. அதில கால் பங்காவது மேல, கால் பங்காவது கீழ இருக்கவேணும். விதியிலயும் அப்பிடித்தான் இருக்கு, நான் குறை சொல்லேல்லை. ஆனால் அதைச் சொல்லேக்கை அவன் குரலை மாத்தி, வேதம் ஓதிற கணக்கில சொல்லுவான். அது வேதம் இல்லை, தம்பி. 1942 இல அமெரிக்காவில ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ரேசன் வீட்டுக் கடனுக்கான விதிக்குள்ள எழுதின எண் அது. இலினோய் பல்கலைக்கழகத்து வில்லியம் ரோஸ் எண்ட மனிசன் பழைய கடதாசியெல்லாம் தோண்டிப் பாத்தவர். அந்த எண்ணுக்குக் கீழ பெரிய ஆராய்ச்சி ஒண்டும் அகப்படேல்லை. அதனால 4 சதுர அடிக்குப் பதிலா மூண்டே முக்கால் இருக்கு எண்டு ஆரும் சொன்னால் நெஞ்சைப் பிடிக்காதையும்.

இன்னொருத்தன் வருவான், கூரையில கறண்ட் ஃபான் பூட்டச் சொல்லி. சூட்டை இழுத்து எறியுமாம். கீழ சொஃபிற் அடைபட்டுக் கிடக்கு, அது எங்கயிருந்து காத்து இழுக்கும்? சீலிங் ஓட்டைகளால, நீர் ஏசி போட்டுக் குளிராக்கி வைச்ச காத்தை இழுத்து வெளியில விடும். ரெண்டு கறண்ட் பில். ஒண்டு குளிராக்க, ஒண்டு அதை எறிய.

ஒண்டு மட்டும் மெய்யாவே பஃபிளின்ர குத்தமா இருக்கலாம், அதையும் சொல்லிப்போடுறன், பிறகு கிழவன் மறைச்சது எண்டு சொல்லாதையும். படுக்கையறையில, வெளிச் சுவரும் சீலிங்கும் சேருற மூலையில, மாரியில கறுப்புப் புள்ளி விழுதோ? அலுமாரிக்குப் பின்னால பாரும். மூண்டு தரம் பெயின்ற் அடிச்சிருப்பீர், திரும்ப வந்திருக்கும். பஃபிளின்ர கீழ் நுனி சுவர்த் தலையில வந்து இருக்காமல் உடைஞ்சோ கட்டையாவோ நிண்டால், சொஃபிற்றால வாற காத்து பஃபிளுக்கு மேலால போகாமல் கீழால பஞ்சுக்குள்ள பூந்து வீசும். பஞ்சு அந்த ஓரத்தில பின்னுக்குத் தள்ளுப்பட்டு, சீலிங் தட்டு வெறுமையாக் குளிர்ந்து கிடக்கும். உள்ளுக்கை இருக்கிற ஈரம் அந்தக் குளிர் மூலையில போய்ப் படிஞ்சு பூக்கும். அற்றிக்கில அந்த மூலையைப் பாத்தால் பஞ்சே இல்லாமல் தீராந்தி தெரியும். அங்க புதுப் பஃபிள் வேணும், நுனியை அடைச்சு, பஞ்சைத் திரும்ப இழுத்து விடவும் வேணும். உம்மட தேர்மல் கமராவை அதுக்குத் தை மாதம் எடும், மூலை நீலமாத் தெரியும். அப்ப அதைக் கும்பிடுறன்.

மாத்திறதுக்கு எவ்வளவு முடியும் எண்டு கேக்கிறீர். சாமான் ஒண்டு சில டொலர்தான். விலை அதில இல்லை, உடம்பிலதான். கூரை பதிவெண்டால் உள்ளுக்கால கை எட்டாது. வயித்தில ஊர்ந்து போய், ஆணி முதுகில கீற, தலைகீழா ஸ்ரேபிள் அடிக்கவேணும். அதனால வெளியால, சொஃபிற்றைக் கழட்டிச் செய்யிறது சுகம். சிங்கிள்ஸ் மாத்திற வருசம் கிட்ட வருதெண்டால் அதுமட்டும் பொறுத்திரும். பலகையில ஒரு வரிசையைக் கழட்டினால் எல்லாம் கைக்கு முன்னால கிடக்கும். அப்ப பிளாஸ்ரிக்கிலயோ மட்டையிலயோ போடும், அணிலுக்கு ஃபோமில இருக்கிற பிரியம் அதில கொஞ்சம் குறைவு. வெளிச்சம் தெரிஞ்ச இடைவெளிகளில கிடக்கிற வெடிச்ச ஃபோமைத் தொடவேண்டாம். தொட்டால்தான் அது விழும்.

உம்மட கூரைக்காரனைத் திரும்பக் கூப்பிடும். ஏசவேண்டாம். மூண்டு கேள்வி மட்டும் கேளும். எத்தினை இடைவெளி அடைபட்டிருக்கு, எண்ணினனீரோ? சொஃபிற்றுக்கு மேல பழைய பலகை கிடக்கோ, பாத்தனீரோ? பாத்ரூம் ஃபான் குழாய் எங்க போய் முடியுது? மூண்டுக்கும் மறுமொழி இருந்தால் வேலையை அவனுக்கே குடும், கொஞ்சம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை. "அண்ணை, இண்டைக்கே கையெழுத்துப் போட்டால் பத்து வீதம் கழிவு" எண்டு தொடங்கினால் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடும். சீனியைக் கொஞ்சம் கூடவே போடும். பாவம், ஏணியும் தூக்கிக்கொண்டு வந்தவன்.